பையில் எழுதாத ஒரு கரண்டி

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அதைக் காதிலேயே வைத்திருந்தேன். உனக்குச் சொல்லப் பதில் இருந்தது, வாய்தான் வரவில்லை. நீ சத்தம் போட்டால் என் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

"உன் படிப்பைச் சோதிச்சுப் பார்க்க என் குட்டிங்கதான் கிடைச்சுதா?" என்று கேட்டாய். தாயிடமிருந்து பிரித்த பன்றிக்குட்டிகளுக்கு, கழிச்சலைத் தடுக்கிற துத்தநாகத் தூள் கலக்காத தீவனம் கொடு என்று சொன்னது நான்தான். நீ நம்பிக் கொடுத்தாய். ஆறாம் நாள் கழிச்சல் கண்டு ஒன்பது குட்டிகள் போய்விட்டன. மன்னித்துவிடு என்று எழுதக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஆனாலும் அக்கா, ஆகஸ்ட் முதல் தேதிக்குப் பிறகு அந்த அளவுக்குத் தூள் கலக்கக் கூடாது என்று அரசு ஆணை வந்துவிட்டது. தூள் இல்லாமல் குட்டி வளர்க்கத் தெரியாத கொட்டகைகளுக்கு உரிமம் கிடைக்காது. ஆணையும் காரணமில்லாமல் வரவில்லை. குட்டிக்குத் துத்தநாகம் வேண்டும், ஆனால் துளி போதும். நாம் கிலோ தீவனத்துக்கு இரண்டரை கிராம் கொட்டுகிறோம். உடம்பு எடுத்துக்கொண்டது போக மிச்சமெல்லாம் சாணியோடு வெளியே வந்து மண்ணில் தங்கிவிடுகிறது. நீ சாணி கொட்டுகிற கீழ்வயலில் சோளம் மட்டும் வெளிறி நிற்கிறதே, போன விடுமுறையில் பார்த்தேன். உன்னிடம் சொல்லப் பயந்து சொல்லவில்லை.

எனக்கு ஒரு வாய்ப்பு கொடு. எங்கே தவறினேன் என்று கண்டுபிடிக்கிறேன்.

தங்கை


பிப்ரவரி 20

வாய்ப்பூட்டுக்கு,

ஒன்பது இல்லை, பதினொன்று. நீ போனில் அழ ஆரம்பித்ததால் கணக்கை நிறுத்திக்கொண்டேன். இருபத்துநான்கில் பதினொன்று. புதைக்கக் குழி வெட்டிய உன் மாமாவுக்கு இன்னும் தோள் வலி.

பேச வாய் வராதவளுக்குக் கடிதத்தில் மட்டும் எங்கிருந்து இவ்வளவு வருகிறது? நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். இத்தனை பெரிய கடிதத்தை இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது. முதல் முறை கோபத்தில் ஒன்றும் புரியவில்லை.

தூளைத் திரும்பவும் கலக்க ஆரம்பித்துவிட்டேன். கழிச்சல் நின்றுவிட்டது. அதுதான் எனக்குத் தெரிந்த படிப்பு. பதினான்கு தாய்ப் பன்றிகளை வைத்து இந்தக் கொட்டகையை நடத்துகிறேன். அம்மா அப்பா போன பிறகு உன்னைப் படிக்க வைத்ததும் இதுதான். ஆகஸ்டில் இதைப் பூட்டு என்றால் எதைப் பூட்டுவது, கதவையா, என் வயிற்றையா?

பக்கத்துச் செங்கல் சூளைக்காரர் போன வாரம் அளவு நாடாவோடு வந்தார். கொட்டகையின் நீளத்தை என் கண் முன்னாலேயே அளந்தார். "எப்படியும் மூடப்போறீங்க, முன்கூட்டியே சொன்னா நான் கல் அடுக்க ஏற்பாடு பண்ணிக்குவேன்" என்றார். உன் மாமா அவருக்கு நாற்காலி போட்டார். அந்த நாற்காலியைக் கழுவி வைத்தேன்.

கீழ்வயல் சோளத்தைப் பற்றி எழுதியிருந்தாய். நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். மூன்று வருடமாகப் பார்க்கிறேன்.

ஏப்ரல் தொடக்கத்தில் அடுத்த குட்டிக் கூட்டத்தைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டும். அதுதான் உனக்கு நான் தரும் வாய்ப்பு. அதுவும் போனால் சூளைக்காரரைக் கூப்பிட்டுவிடுவேன். பிறகு அழாதே.

அக்கா


மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

பதினொன்று என்று நீ அன்றே சொல்லியிருக்கலாம். என்னிடம் எதையும் குறைத்துச் சொல்லாதே. குறைத்துச் சொன்னால் என் கணக்கு தப்பும்.

இங்கே கால்நடைக் கல்லூரியில் என் வேலை என்னவென்று கேட்டால் நீ சிரிப்பாய். காலையில் குட்டிகளை நிறுப்பேன். பிறகு சாணி எடுத்துச் சின்னப் பைகளில் கட்டுவேன். மத்தியானம் தீவனத்தை எரித்து, சாம்பலில் எந்தச் சத்து எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பேன். என் அறைத்தோழி என் செருப்புக்கு வாசலுக்கு வெளியே தனி இடம் ஒதுக்கியிருக்கிறாள்.

நீ அனுப்பிய தீவனப் பையின் சீட்டைப் பல முறை படித்துவிட்டேன். எல்லாம் சரியாக இருக்கிறது. இதே தீவனத்தில்தான் இங்கே துத்தநாகத் தூள் இல்லாமல் குட்டிகளை வளர்க்கிறோம். இங்கே சாகவில்லை, அங்கே செத்தன. அப்படியானால் அங்கே உள்ள ஏதோ ஒன்று இங்கே இல்லை.

போன வாரம் மாதக் கூட்டத்தில் துறைத்தலைவர் சொன்னார்: "சின்னக் கொட்டகைக்காரங்களால இது முடியாது. அவங்க மூடிட்டுப் போறதுதான் நடக்கும்." நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் அக்காவைத்தான் சொல்கிறார் என்று எனக்கு மட்டும் தெரியும். பேனா மூடியைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்துவிட்டேன். அன்று முழுக்க எனக்கு என் மேலேயே எரிச்சல்.

ஒரே ஒரு வேலை செய். ஒரு நாள் முழுக்கக் குட்டிகளின் தொட்டியில் விழுவது எல்லாவற்றையும் எழுது. பையில் இருப்பதை அல்ல, உன் கை போடுவதை எழுது. அற்பமாகத் தெரிந்தாலும் விடாதே. உயிரோடு இருக்கும் பதின்மூன்றும் எப்படி இருக்கின்றன என்றும் எழுது.

தங்கை


மார்ச் 12

வாய்ப்பூட்டுக்கு,

உளவுத்துறையில் சேர்ந்திருக்க வேண்டியவள் நீ.

எழுதுகிறேன், கேள். காலை ஆறு மணிக்கு இரண்டு வாளித் தண்ணீர். பையிலிருந்து தீவனம் எட்டுக் கிலோ. அதில் வெந்நீர் ஒரு செம்பு, குழைவாக இருக்க. கடைசியாகச் சுண்ணாம்புக்கல் தூள் ஒரு கரண்டி, கால் எலும்பு உறுதியாக. மெலிந்த குட்டிகள் இருந்தால் அவற்றின் ஓரத்தில் இன்னொரு கரண்டி. மத்தியானமும் இதே. சாயங்காலமும் இதே. உன் மாமா போட்டால் கரண்டியைத் தட்டி அளவாகப் போடுவார். அதனால் நானே போடுவேன்.

கழிச்சல் நின்றதும் வழக்கம்போலத் தூளை நிறுத்திவிட்டேன். பதின்மூன்றும் தின்கின்றன, ஆனால் எடை ஏறவில்லை. காதுக்குப் பின்னாலும் முழங்காலிலும் தோல் பொருக்குப் பொருக்காகக் காய்ந்து கிடக்கிறது. சொறி என்று நினைத்து எண்ணெய் தடவினேன். எண்ணெய்தான் தீர்ந்தது.

சூளைக்காரர் மறுபடி வந்தார். இந்த முறை நாற்காலி போடவில்லை. அவராகவே தீவன மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டார்.

அக்கா


மார்ச் 18

அக்கா,

கரண்டி! அந்தக் கரண்டிதான்!

சத்தம் போட்டே படித்துவிட்டேன். அறைத்தோழி பயந்துபோய் "வீட்ல யாருக்கு என்ன ஆச்சு?" என்று ஓடி வந்தாள். "பொருக்கு! காதுக்குப் பின்னாடி பொருக்கு!" என்றேன். தள்ளி நின்றுகொண்டாள்.

நிதானமாக எழுதுகிறேன். நான்கு வாரக் குட்டியின் வயிற்றில் அமிலம் குறைவாகத்தான் ஊறும். அந்த அமிலம் இருந்தால்தான் புரதம் செரிக்கும், கெட்ட கிருமியும் சாகும். சுண்ணாம்புக்கல் தூள் போய் அந்தக் கொஞ்ச அமிலத்தையும் அடக்கிவிடுகிறது. செரிக்காத தீவனம் குடலுக்குப் போகிறது, கிருமி அதைத் தின்று பெருகுகிறது, கழிச்சல் வருகிறது. இத்தனை நாள் கிலோவுக்கு இரண்டரை கிராம் துத்தநாகம் போட்டு அந்தக் கழிச்சலை அமுக்கி வைத்திருந்தோம். நான் தூளை மட்டும் நிறுத்தச் சொன்னேன். கரண்டி நிற்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. சுண்ணாம்பு மிஞ்சினால், பையில் ஏற்கெனவே இருக்கிற துளித் துத்தநாகத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேர விடாது. துத்தநாகம் போதாத பன்றிக்கு முதலில் தெரிவது தோலில்தான். நீ எண்ணெய் தடவியது சொறிக்கு இல்லை அக்கா, துத்தநாகப் பசிக்கு.

நம்ப முடியாவிட்டால் ஒன்று செய். ஒரு டம்ளரில் கால் பங்கு வினிகர் ஊற்று. அதில் உன் தூளை ஒரு கரண்டி போடு. பொங்கி அடங்கிய பிறகு நாக்கில் தொட்டுப் பார். புளிப்பு எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும். குட்டியின் வயிற்றிலும் அதுதான் நடக்கிறது.

அடுத்த கூட்டத்துக்குக் கரண்டியே வேண்டாம். தீவன ஆலையில் நொதி சேர்த்த குட்டித் தீவனம் கேள். தானியத்தில் பாஸ்பரஸ் பூட்டிக் கிடக்கிறது, பன்றியால் அந்தப் பூட்டைச் சரியாகத் திறக்க முடியாது. நொதி திறந்துவிடும். அதனால் தனியாகப் பாஸ்பரஸ் கொட்ட வேண்டியது குறையும், சாணியோடு வீணாய்ப் போவதும் குறையும். தாயிடமிருந்து பிரிப்பதையும் நான்கு நாள் தள்ளிப் போடு.

தங்கை


மார்ச் 27

வாய்ப்பூட்டுக்கு,

பூட்டைப் பற்றி யார் பேசுவது என்று விவஸ்தை இல்லையா?

வினிகர் ஊற்றினேன். டம்ளர் வாய் வரை நுரைத்து மேசையில் வழிந்தது. "குட்டி வயித்துல இதையா ஊத்திக்கிட்டிருந்தோம்?" என்று கேட்டுக்கொண்டே உன் மாமா இரண்டடி பின்னால் போனார். தொட்டுப் பார்த்தேன். புளிப்பு செத்துப்போயிருந்தது.

அதன் பிறகுதான் கரண்டியின் கதை நினைவுக்கு வந்தது. பத்து வருடத்துக்கு முன்னால் நாமே தானியம் அரைத்துப் போட்ட காலத்தில் ஒரு கூட்டம் முழுக்கக் கால் மடங்கி விழுந்தது. நீ அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய். அன்று ஆரம்பித்த கரண்டி இது. அன்றைக்கு எல்லாக் குட்டிகளையும் எழுப்பி நிற்க வைத்தது. பிறகு பைத் தீவனத்துக்கு மாறினோம். கரண்டியை யாரும் நிறுத்தவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை.

மெலிந்த குட்டிக்கு இன்னொரு கரண்டி போட்டேன் என்று எழுதினேன் இல்லையா? செத்தவற்றில் முதலில் போனவை அவைதான். எது நோஞ்சானோ அதன் பக்கத்தில் உட்கார்ந்து, அதற்கென்று கூடப் போட்டேன். அப்படியென்றால் பதினொன்றையும் கொன்றது என் கைதான். நீ அதை எழுதாமல் விட்டதற்கு நன்றி, ஆனால் எனக்குப் படிக்கத் தெரியும்.

பிரிக்கிற நாள் ஏப்ரல் நான்காம் தேதி என்பதை எட்டாம் தேதி ஆக்கியிருக்கிறேன். இருபத்துமூன்று குட்டிகள்.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

நீ கொல்லவில்லை. அந்தக் கரண்டி பத்து வருடத்துக்கு முன்னால் சரியாக இருந்தது, தீவனம் மாறியபோது தப்பாகிவிட்டது. மாறிய அன்று உன்னிடம் வந்து கேட்க ஒருவரும் இல்லை. பட்டம் வாங்கிய நானும் கேட்கவில்லை. பைச் சீட்டைப் படித்தேன், உன் கையைப் பார்க்கவில்லை. அந்தத் தப்பு என்னுடையது, அதை நீ தூக்கிக்கொள்ளாதே.

பிரித்து ஐந்தாம் நாளிலிருந்து ஒன்பதாம் நாள் வரை கஷ்டமாக இருக்கும். சாணி இளகும். உன் கை துறுதுறுக்கும். ஒன்றும் போடாதே. தண்ணீர் சுத்தமாக இருக்கட்டும், தரை காய்ந்து இருக்கட்டும். தீவனத்தை ஒரேயடியாகக் கொட்டாமல் ஆறு வேளையாகப் பிரித்துக் கொடு. பத்தாம் நாள் எழுது.

தங்கை


ஏப்ரல் 18

வாய்ப்பூட்டுக்கு,

பத்தாம் நாள். சொன்னபடி எழுதுகிறேன்.

நான்காம் நாள் வரை விளையாடிக்கொண்டிருந்தன. ஐந்தாம் நாள் காலை இரண்டு குட்டிகளின் பின்புறம் ஈரம். ஆறாம் நாள் ஐந்து குட்டிகள். எனக்கு ஜனவரி கண் முன்னால் வந்துவிட்டது. உன் மாமா துத்தநாகத் தூள் மூட்டையின் தையலைப் பிரித்து வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"ஒரே ஒரு பிடி. அவளுக்குத் தெரியவா போகுது?" என்றார்.

"அவளுக்குத் தெரியாது. சாணிக்குத் தெரியும்" என்றேன். மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டுக்குள் கட்டிலுக்கு அடியில் தள்ளி, கட்டில் மேல் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு என் மேலேயே நம்பிக்கை இல்லை.

ஏழாம் நாளும் அதே ஐந்துதான், ஆறாகவில்லை. சூளைக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "எத்தனை போச்சு?" என்று கேட்டார். "இன்னும் எண்ணிக்கிட்டிருக்கேன், போகாததை" என்றேன். எட்டாம் நாள் மூன்றாகக் குறைந்தது. ஒன்பதாம் நாள் விடிந்ததும் போய்ப் பார்த்தேன். தரை முழுக்கக் கெட்டிச் சாணி. ஒன்றைக் கையில் எடுத்து அழுத்திப் பார்த்துச் சிரித்தேன். பன்றிச் சாணியைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்த முதல் பைத்தியம் நான்தான் என்றார் உன் மாமா. அவரும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இன்று எண்ணினேன். இருபத்துமூன்று. திரும்ப எண்ணினேன். உன் மாமாவையும் எண்ணச் சொன்னேன். இருபத்துமூன்று!

அக்கா

பி.கு: அந்தப் பதின்மூன்றுக்கும் கரண்டியை நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. பொருக்கு உதிர்ந்து அடியில் புதுத் தோல் வந்திருக்கிறது, சின்னக் குழந்தைத் தோல் மாதிரி.


ஏப்ரல் 29

அக்கா, என் அக்கா,

உன் கடிதத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்று நீ நம்ப மாட்டாய்.

நேற்று மாதக் கூட்டம். துறைத்தலைவர் மறுபடி "சின்னக் கொட்டகைக்காரங்க" என்று ஆரம்பித்தார். நான் எழுந்துவிட்டேன். எழுந்தது எனக்கே தெரியாது, நாற்காலி இழுபட்ட சத்தத்தில்தான் தெரிந்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் நாக்கு ஒட்டவில்லை.

"சார், ஒரு கொட்டகையில முடிஞ்சிருக்கு" என்றேன்.

"எத்தனை குட்டி?"

"இருபத்துமூணு."

"இருபத்துமூணு குட்டி ஒரு ஆதாரமா?"

"இல்ல சார். ஆனா நம்ம கேள்வி தப்புன்னு சொல்ல அது போதும். பையில என்ன இருக்குன்னுதான் கேட்கிறோம். தொட்டியில என்ன விழுதுன்னு யாரும் போய்ப் பார்க்கல."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "அப்போ நீயே போய்ப் பார்த்துட்டு வாம்மா. இருபது கொட்டகை" என்றார். வண்டியும் கொடுத்தார்!

அடுத்த வாரம் கிளம்புகிறேன். முன்பின் தெரியாத வீடுகளில் கதவைத் தட்ட வேண்டும். என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியவில்லை. முதலில் தண்ணீர் கேட்கலாம் என்று இருக்கிறேன்.

தங்கை


ஜூன் 14

வாய்ப்பூட்டு என்று இனிமேல் எழுத முடியாதவளுக்கு,

இருபது கொட்டகையில் பன்னிரண்டில் ஏதோ ஒன்றைக் கூடப் போடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். ஒரு வீட்டில் அடுப்புச் சாம்பல், ஒரு வீட்டில் முட்டை ஓடு, ஒரு வீட்டில் என்னைப் போலவே சுண்ணாம்புக்கல் என்று. படித்துவிட்டு எனக்குப் பாதிப் பாரம் இறங்கியது. நான் மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பன்னிரண்டு பேரையும் திட்டாமல் பேசினாயா? திட்டினால் உன்னிடம் உண்மையைச் சொல்ல மாட்டார்கள், நினைவில் வை.

இரண்டாவது கூட்டம் இருபத்தாறு குட்டிகள். ஒன்று போனது, அது பிறந்ததிலிருந்தே நொண்டி. நாலு பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதில் ஒருத்தி, "உங்க தங்கச்சி போட்ட மந்திரம் என்ன?" என்றாள். "போடுறதை நிறுத்துறதுதான் மந்திரம்" என்றேன். அவளுக்கு ஏமாற்றம். ஏதாவது வாங்கிக்கொண்டு போகலாம் என்று பையோடு வந்திருந்தாள்.

அக்கா


ஆகஸ்ட் 6

என் தங்கைக்கு,

ஆய்வு அதிகாரி நேற்று வந்தார். கூடவே சூளைக்காரரும் வந்தார், வேடிக்கை பார்க்க.

அதிகாரி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தீவனம் எடுத்தார், சாணி எடுத்தார், கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார். "பழைய துத்தநாகத் தூள் எங்கேம்மா?" என்றார். "திருப்பிக் கொடுத்தாச்சு" என்றேன். "அது இல்லாம குட்டிங்க எப்படி நிக்குது?" என்றார். "நாலு கால்ல, சார்" என்றேன். உன் மாமா என் கையைக் கிள்ளினார். அதிகாரி சிரித்துவிட்டார்.

போன மாதம் எடுத்துப்போன சாணியின் சோதனை முடிவையும் கொண்டு வந்திருந்தார். பத்துப் பங்கு இருந்த துத்தநாகம் ஒரு பங்குக்கும் கீழே வந்திருக்கிறதாம். பாஸ்பரஸும் குறைந்திருக்கிறது. மூன்று கூட்டம், எழுபத்துமூன்று குட்டிகள், போனவை இரண்டு. தூள் போட்ட காலத்திலேயே கூட்டத்துக்கு இரண்டு போகும். அவர் உரிமத்தில் முத்திரை குத்தினார். நான் மையைத் தொட்டுப் பார்த்தேன், ஈரமாக இருந்தது.

சூளைக்காரர், "சரி, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று எழுந்தார். "அடுத்த வருஷம் நான் உங்க இடத்தைக் கேட்டு வருவேன், செங்கல்லைக் கொஞ்சம் ஓரமா அடுக்கி வையுங்க" என்றேன். சும்மா சொல்லவில்லை.

நம் இருபத்துமூன்றில் பெண் குட்டிகள் பன்னிரண்டு. அதில் ஆறை விற்காமல் தாய்ப் பன்றிகளாக்க நிறுத்திக்கொண்டேன். நல்ல முதுகு, நல்ல கால், பதினான்கு காம்பு. கொட்டகையை மூடப்போகிறவள் பெண் குட்டியை நிறுத்த மாட்டாள், உனக்குத் தெரியும். இரண்டு வருடமாக நான் ஒன்றைக்கூட நிறுத்தவில்லை. உனக்கு அதைச் சொல்லவும் இல்லை.

இன்று காலை ஆறுக்கும் காதில் எண் குத்தினோம். உன் மாமா பழைய எண் வரிசையிலேயே போகலாம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்றிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன்.

அக்கா